மாடி வீட்டு ஹீட்டர்

"ஏங்க, அந்த பாட்டிலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இன்னும் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பீங்க?"

"உஷ்! இப்பத்தான் கொஞ்சம் சூடு ஏறுது."

கண்ணாடிக் கடைக்காரன் கட்டிலில் சம்மணம் போட்டு, கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கம்பளிக்குள், வயிற்றோடு அணைத்தபடி ஒரு பிளாஸ்டிக் பாட்டில். அதில் உப்புத் தண்ணீர், குமிழி விடும் மெல்லிய குழாய், காபித்தூளைப் போலச் சுழலும் இறால் முட்டைகள்.

ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிறவனுக்கு, வீட்டுக்கு வந்தால் மீனைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாது என்பது அவன் மனைவியின் புகார். அதில் பொய்யில்லை. தொட்டியில் அவன் வளர்க்கும் தேவதை மீன் (ஏஞ்சல்) ஜோடி ஒவ்வொரு முறையும் முட்டையிட்டு, தானே தின்றும் தீர்த்துவிடும். இந்த முறைதான் அதிசயமாகக் குஞ்சு பொரித்திருந்தது. நாளைக்கு அவை நீந்தத் தொடங்கிவிடும். பொடித் தீனியைச் சீந்தாது. கண்ணெதிரே நெளிகிற இறால் குஞ்சுதான் வேண்டும். இறாலோ இருபத்தெட்டு டிகிரிக்குக் குறைந்தால் முட்டையை விட்டு வெளியே வருவேனா என்கிறது. வெளியே விடாத மழை. பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்த குண்டு பல்பு தனக்கே குளிர்கிற மாதிரி மினுக்கிக்கொண்டிருந்தது.

"ஒரு ரூம் ஹீட்டர் மட்டும் இருந்தா..." என்று பெருமூச்சு விட்டான்.

"கீழே வீட்டுக்காரம்மாகிட்ட இருக்கே. போய்க் கேட்கட்டுமா?"

"நல்லா கேட்டே! பழைய ஒயரிங், மாடியில ஹீட்டர் போட்டா மொத்த வீடும் இருட்டாயிடும்னு குடிவந்த அன்னிக்கே சொன்னவங்க. இறாலுக்குன்னு கேட்டா நம்மளையே காலி பண்ணச் சொல்லுவாங்க."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. தடதடவென்று படியிறங்கிப் போனாள். போன சுவடு மறைவதற்குள் திரும்பி வந்தாள். பின்னாலேயே வீட்டுக்காரம்மாவின் கணவர் ஹீட்டரைச் சுமந்துகொண்டு வந்து, வாசலில் வைத்து, அவனைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்துவிட்டுப் போனார்.

கடைக்காரனுக்குத் தலைகால் புரியவில்லை. "என்ன மந்திரம் போட்டே?"

"மந்திரமுமில்ல, மாயமுமில்ல. நான் முழுகாம இருக்கேன்னு சொன்னேன்."

பாட்டில் கையிலிருந்து நழுவப் பார்த்தது. "அடிப்பாவி! ஒரு ஹீட்டருக்காக இவ்வளவு பெரிய பொய்யா?"

அவள் அவனையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "சரி சரி, இதை எங்க வைக்கட்டும், சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் பொழுது விடிந்ததும் கண்ணாடிக் கடைக்காரன் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

"வந்துடுச்சு! ஆயிரக்கணக்கில வந்துடுச்சு!"

டார்ச் வெளிச்சத்தை நோக்கி ஆரஞ்சு நிறத் துளிகள் திமுதிமுவென்று ஓடி வந்தன. அவற்றை வடிகட்டி மீன் தொட்டியில் விட்டான். கண்ணிமை முடி அளவே இருந்த மீன் குஞ்சுகள் லபக் லபக்கென்று விழுங்கின. ஒவ்வொன்றுக்கும் ஆரஞ்சு நிறத்தில் தொப்பை! அவன் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி ஆடினான்.

கதவு தட்டப்பட்டது. வீட்டுக்காரம்மா. அவன் தாவிப் போய் பாட்டிலைக் கம்பளியால் மூடினான்.

"ஏம்மா, இப்படியா ஆடுவே? உட்காரு. சூப் கொண்டு வந்திருக்கேன், சூடா குடி" என்றவர் அவன் பக்கம் திரும்பினார். "தம்பி, இனிமே கேஸ் சிலிண்டர், தண்ணி வாளி எல்லாம் நீங்கதான் தூக்கணும். ஹீட்டரைப் பத்திக் கவலைப்படாதீங்க. ஃபியூஸ் போகக் கூடாதுன்னு கீழே நாங்க இஸ்திரிப் பெட்டியைக்கூடத் தொடலை. அவர் இன்னிக்குக் கசங்கின சட்டையோடதான் ஆபீஸ் போகப் போறார்."

போகும்போது வீட்டுக்காரம்மா, அவன் மனைவியின் கையில் எதையோ வைத்துவிட்டுப் போனார். கட்டைவிரல் நீளத்துக்குக் கம்பளிக் காலுறைகள், ஒரு ஜோடி.

அதைப் பார்த்ததும் அவனுடைய ஆட்டமெல்லாம் அடங்கிவிட்டது. "இந்தப் பொய்யை எத்தனை நாளைக்கு இழுக்கப் போறே? இன்னும் கொஞ்ச நாள்ல வயிறு எங்கேன்னு கேட்பாங்களே!"

"அது பாட்டுக்கு வளரும்" என்றாள் அவள், சூப்பை ஊதி ஊதிக் குடித்தபடி.

அதற்கு மேல் அவனால் பொறுக்க முடியவில்லை. ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு கீழே போனான். கதவைத் திறந்த வீட்டுக்காரம்மாவிடம் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தான்.

"மன்னிச்சுடுங்கம்மா. ஹீட்டர் என் இறாலுக்குத்தான். அவ முழுகாம எல்லாம் இல்ல. எனக்காகப் பொய் சொல்லிட்டா. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க. அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

வீட்டுக்காரம்மா கதவைப் பிடித்துக்கொண்டு, விழுந்து விழுந்து சிரித்தார். உள்ளே திரும்பிப் பார்த்து, "நான் சொல்லல, இவரா வருவார்னு!" என்று தன் கணவரிடம் சொன்னார்.

"இறாலுக்குன்னு அவ வந்ததுமே சொல்லிட்டா, தம்பி. முடியவே முடியாதுன்னுட்டேன். 'பரவாயில்லம்மா, இன்னொரு விஷயமும் இருக்கு, அதை அவர்கிட்ட சொல்றதுக்குள்ள குளிர்ல அவருக்கு ஜன்னியே வந்துடும்போல இருக்கு'ன்னு சொன்னா. அப்புறம்தான் தூக்கிக் குடுத்தேன்."

"இன்னொரு விஷயமா?"

"அதை நேத்தே உங்ககிட்டயும் சொல்லிட்டாளாமே! நீங்கதான் பொய்யின்னுட்டீங்களாம், ராத்திரியே கீழே வந்து சொல்லிச் சிரிச்சா. அப்பாவாகப் போறதை நீங்களா எப்பப் புரிஞ்சுக்கறீங்கன்னு பார்க்கத்தான், மாடியில அவளும் கீழே நாங்களும் சிரிப்பை அடக்க முடியாம தவிச்சுக்கிட்டிருக்கோம்!"