பஞ்சு கொடுக்காதவன்

மூன்றாவது அடியில் செல்வகுமாரின் முழங்கை உடைந்தது. சத்தம் நன்றாகவே கேட்டது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

மண்வெட்டிக் காம்பை மறுபடி ஓங்கினேன். அப்பா அவன் மார்பில் முழங்காலை ஊன்றி அமுக்கிக்கொண்டிருந்தார்.

என் வெண்ணிலாவை எங்கள் மல்லாட்டைக் கொல்லையிலேயே, கடலைச் செடிகளுக்கு நடுவில் கழுத்தை நெரித்துக் கொன்று இருபத்தாறு நாள் ஆகிறது. அவள் நகக்கண்ணில் கொன்றவனின் தோல் இருந்ததாம். விழுப்புரத்திலிருந்து போலீஸ் வேன் வந்தது. ஊர் ஆம்பளைகள் வாயில் பஞ்சு விட்டுத் துடைத்து எடுத்துப்போனார்கள்.

டி.என்.ஏ. என்று என்னவோ சொன்னார்கள். ஊருக்கு அது பஞ்சு, அவ்வளவுதான். தாலி கட்டியவன் என்று நான்தான் முதலில் வாயைத் திறந்தேன்.

ட்ராக்டர் ஓட்டுகிற இந்தச் செல்வகுமார் மட்டும் வரவில்லை. வராதவன்தானே கொன்றவன்? இதைக் கண்டுபிடிக்க லேப் எதற்கு?

“என்துதான் முன்னயே கம்ப்யூட்டர்ல கீதுண்ணா! திண்டிவனத்துல பைக் கேசுல புடிச்சப்பவே பஞ்சு எடுத்துட்டாங்க. உனுக்கு வோணாம்னு அவங்கதான் சொன்னாங்க!” ரத்தத்தைத் துப்பிக்கொண்டே கத்தினான்.

பொய் சொல்கிற வாயைப் பார். அந்த வாயிலேயே போட்டேன். பல் இரண்டு மண்ணில் விழுந்தன.

“இன்னாடா பாத்துக்கினு நிக்கிற? போடு!” என்றார் அப்பா.

சட்டைப்பையில் போன் அடித்தது. இன்ஸ்பெக்டர்.

ஆளைப் பிடித்துவிட்டேன் சார், செல்வகுமார்தான் என்றேன். அவனுடையதை முதல் நாளே கம்ப்யூட்டரில் பார்த்தாயிற்று, அவன் இல்லை, கையை வைக்காதே என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். என்னுடைய பஞ்சுதான் பாதி ஒத்துப்போகிறதாம். கொன்றவன் என் ரத்த சொந்தமாம். அண்ணன், தம்பி யாராவது உண்டா என்று கேட்டார்.

நான் ஒரே பிள்ளை. பெரியப்பா, சித்தப்பா என்றும் யாரும் கிடையாது.

அப்படியானால் உன் வீட்டில் பஞ்சு கொடுக்காத ஆம்பளை யாராவது இருக்கிறார்களா என்றார்.

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

ஊர்ப் பெரியவர் என்று அன்றைக்குப் போலீஸ் பெயர்ப் பட்டியலை அப்பா கையில்தான் கொடுத்திருந்தது. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வேனுக்கு அனுப்பியவர் அவர். செல்வகுமார் வரவில்லை என்று முதலில் சத்தம் போட்டவரும் அவர்தான்.

நூற்றுப் பதினான்கு பெயர் வாசித்தார்.

துரைக்கண்ணு என்ற தன் பெயரை அவர் வாசிக்கவேயில்லை.