மெர்ல் ஒளித்து வைத்த வரைபடம்

கடைசி இழுப்பறையில் ஒரு தகரக் குழாய் இருந்தது. மூடியைத் திருகிக் கவிழ்த்ததும் மஞ்சளேறிய வரைபடம் ஒன்று எல்வுட்டின் கையில் விழுந்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்துப் பீரங்கி. நாலில் ஒரு பங்கு அளவில், நிஜமாகவே சுடுகிற மாதிரியைச் செய்வதற்கான முழு வரைபடம்.

உலகத்தில் எங்கு தேடினாலும் கிடைக்காது என்று மெர்ல் சத்தியம் செய்த வரைபடம்.

மெர்ல் இறந்து மூன்று வாரம் ஆகிறது. பட்டறைச் சாமான்களை எடுத்துக்கொள்ளும்படி அவன் மனைவி டார்லீன்தான் எல்வுட்டைக் கூப்பிட்டிருந்தாள். முப்பது வருடச் சிநேகிதம்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் எல்வுட் அந்தப் பீரங்கியைச் செய்தான். வரைபடம் இல்லாததால் கோர்ட்டு வாசலில் நிற்கிற நிஜப் பீரங்கியை நாடா பிடித்து அளந்தான். அதன் வாயைச் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே இரும்பு எவ்வளவு கனம் என்பதை ஊகித்துத்தான் போட்டான். கணக்கை மெர்லிடம் காட்டினான். அருமை என்றான் மெர்ல்.

அதற்கு முந்தின வாரம்தான், மாதிரி இயந்திரம் செய்பவர்களின் சங்கக் கூட்டத்தில் மெர்ல் செய்த நீராவி இயந்திரத்தில் ஒரு தப்பைக் காட்டி, எல்வுட் எல்லாரையும் சிரிக்க வைத்திருந்தான்.

ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தின விழாவில், ஊர் மைதானத்தில் எல்வுட்டின் பீரங்கி வெடித்துச் சிதறியது. திரியைக் கொளுத்தியவள் அவன் மனைவி நடீன். ஆசைப்பட்டுக் கேட்கிறாளே என்று நெருப்பை அவள் கையில் கொடுத்தவன் அவன்.

நடீனின் சவப்பெட்டியின் ஒரு முனையை மெர்ல் சுமந்தான். அப்புறம் ஞாயிறு தவறாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"விடுடா. கணக்கு தப்பிப் போறது யாருக்கும் நடக்கிறதுதான்."

எல்வுட் அன்றிலிருந்து சுத்தியலைக்கூடத் தொடவில்லை.

வரைபடத்தை மேசைமேல் விரித்தான். பீரங்கிக் குழாயின் பின்பக்கக் கனம் அவன் போட்டதைப்போல ஒன்றரை மடங்கு. அருகில் சிவப்புப் பென்சிலில் மெர்லின் சாய்ந்த எழுத்து.

'எல்வுட் போட்டது போதாது. வெடிக்கும். பட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.'

கீழே தேதி. அதே வருடம், ஜூன் 29.

எல்வுட் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

குழாயில் விரிசல் விடும், ஊர் முன்னால் தலைகுனிவான், அவ்வளவுதான் என்று மெர்ல் நினைத்திருப்பான். உயிர் போகும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அப்படித்தான் இருக்க வேண்டும். எல்வுட் அதை நம்பப் பார்த்தான்.

டார்லீன் காபியோடு வந்தாள். வரைபடத்தை அவசரமாகச் சுருட்டினான்.

"டார்லீன், அன்னிக்கு மைதானத்துல நீ எங்க நின்னுக்கிட்டிருந்தே?"

இத்தனை வருடத்தில் அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"நடீன் பக்கத்துலதான். திரி கொளுத்தறதுக்குக் கொஞ்சம் முன்னாடி மெர்ல் வந்து என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயி லாரிக்குப் பின்னாடி நிறுத்திட்டாரு. வெயில் படுதுன்னாரு."