லிபியா லொறிக்குச் சந்தனப் பொட்டு

"அக்கா, ஆமி செக்கிங் வந்தீக்கிறாங்க. முனை வூட்டுல நிக்கிறாங்க."

கீழ் வீட்டு ஷபீகா ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

சரோஜினிதேவி திரும்பிப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் ஒரு படையே நின்றது.

இரண்டு டாங்கி, மூன்று ஜீப், ஒரு கவச வண்டி, ஒரு லொறி. எல்லாம் கைக்குள் அடங்குகிற பிளாஸ்டிக் மாதிரிகள். நடுவே அவளுடைய கணவர் நாகேந்திரம், பூதக்கண்ணாடியும் தானுமாக, பற்பசைக் குழாயை வெட்டிக்கொண்டிருந்தார்.

லொறிக்குப் பெற்றோல் டின் செய்கிறாராம். மாதிரிப் பெட்டியோடு வந்த பெற்றோல் கான்கள் பிந்திய காலத்தவையாம். அவருடைய லொறி நிற்பதோ 1941இல், லிபியாப் பாலைவனத்தில். அந்த வருடம் ஆங்கிலேயரிடம் இருந்தவை ஒழுகுகிற சதுரத் தகர டின்கள். ஆகவே மூன்று ஞாயிற்றுக்கிழமையாக மனுசன் ஒழுகுகிற டின் செய்கிறார்.

குசினிக் குழாய் ஒழுகுவது மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

வேறு நாளென்றால் சிரித்திருப்பாள். போன மாதம் பக்கத்து ஒழுங்கையில் ஒருவரை, துறைமுகப் படம் போட்ட கலண்டர் ஒன்றுக்காகக் கொண்டுபோனார்கள். ஆள் இன்னும் திரும்பவில்லை. கலண்டருக்கே அப்படியென்றால் ஏழு வண்டிக்கு எத்தனை மாதம்?

அலுமாரியை எப்படியும் திறப்பார்கள். கட்டிலுக்குக் கீழும் பார்ப்பார்கள். குப்பைக்குள் போட்டால் மனுசனும் கூடவே குதிப்பார்.

அப்போதுதான் சாமியறையைப் பார்த்தாள். அன்று சரஸ்வதி பூசை. புத்தகங்கள், அவருடைய படம் வரைகிற கருவிகள், அவளுடைய தையல் கத்தரிக்கோல் எல்லாம் காலையிலேயே கும்பத்துக்கு முன்னால் வைத்தாயிற்று. தொழில் செய்கிற சாமானுக்குப் பொட்டு உண்டு. வீட்டு வாகனத்துக்கும் உண்டு.

மேசையில் இருந்ததை அப்படியே சுளகில் அள்ளினாள்.

"ஐயோ, மெல்ல! அன்ரெனா முறியப் போகுது!"

அவள் காதில் வாங்கவில்லை. டாங்கிகளைக் கும்பத்துக்கு இடப்பக்கம் வைத்தாள், ஜீப்புகளை வலப்பக்கம். சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து லொறியின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். மேலே குங்குமம்.

நாகேந்திரத்துக்கு நெஞ்சே வெடித்துவிடும் போலிருந்தது.

"சரோ, நாப்பத்தொண்டில லிபியாவில சந்தனப் பொட்டு இருந்ததே?"

"இப்ப வெள்ளவத்தையில இருக்குது. வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ."

கதவு தட்டப்பட்டது.

மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் அடையாள அட்டைகளைப் பார்த்துவிட்டு அறைகளுக்குள் போனார்கள். மூன்றாமவன் இளம் பொடியன், லொறிச் சாரதி. சாமியறை வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, குனிந்து, லொறியைக் கையில் எடுத்தான்.

"மே மொனவாத?"

இவை என்ன என்று கேட்கிறான்.

"பூஜாவ, மல்லி. வாகன பூஜாவ," என்று தம்பி முறை வைத்துச் சிங்களத்திலேயே சொன்னாள்.

பொடியன் லொறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்புறத் தகர டின்களில் விரலை வைத்து, இப்படிச் சதுரமாக எந்த ஆமி லொறியில் இருக்கிறது, இது பிழை என்று சிங்களத்தில் சொன்னான்.

பிழை என்றால் நாகேந்திரம் பொறுக்கமாட்டார். துவக்கை நீட்டினாலும் பொறுக்கமாட்டார். விரலை உயர்த்தி, "நயன்டீன் ஃபோட்டி வன்" என்று தொடங்கியவரின் காலைச் சரோஜினிதேவி தன் குதியால் நன்றாக மிதித்தாள்.

"பொம்மைதானே, மல்லி," என்று சிங்களத்தில் குழைந்தாள்.

பொடியன் சிரித்தான். லொறியை இருந்த இடத்திலேயே, பொட்டு அழியாமல் வைத்தான். இங்கே பூசைச் சாமானைத் தவிர ஒன்றுமில்லை என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டுச் சொன்னான்.

அவள் மூச்சு விட்டாள். ஆனால் அவன் போகவில்லை.

சட்டைப் பையிலிருந்து ஒரு திறப்பை எடுத்து நீட்டினான். வாசலில் நிற்கிற நிசமான லொறியின் சாவி. திங்கட்கிழமை அதை வவுனியாவுக்குக் கொண்டுபோகிறானாம், அங்கிருந்து இன்னும் வடக்கே, சண்டை நடக்கிற பக்கம். அம்மா, இதற்கும் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள் என்றான்.

இவ்வளவு நேரமும் ஆமிக்காரன் என்று பயந்தவளுக்கு, அம்மா என்று கேட்டதும் என்னவோ செய்தது.

திறப்பை வாங்கிச் சாமிக்கு முன்னால் வைத்தாள். சந்தனம், குங்குமம், ஒரு பூ. கண்ணை மூடினாள். வெகுநேரம் திறக்கவில்லை.

அவர்கள் போன பிறகு நாகேந்திரம் காலைத் தடவிக்கொண்டே கேட்டார். "அவ்வளவு நேரம் அப்பிடி என்னத்தைக் கும்பிட்டனீர்?"

"சும்மா, பொதுவா," என்றாள்.

வவுனியாவுக்கு அங்கால், மல்லாவியில், அவளுடைய தங்கச்சி இடம்பெயர்ந்துபோய் மூன்று பிள்ளைகளோடு ஒரு மரத்தடியில் இருக்கிறாள்.

அந்தப் பொடியன் மேல் ஒரு கீறலும் விழக் கூடாது என்றுதான் முதலில் கேட்டாள். மனதாரக் கேட்டாள். பிறகு, அவனுடைய லொறி வவுனியாவுக்கு முன்னாலேயே, மதவாச்சி தாண்டாமல் பழுதாகி நின்றுவிட வேண்டும், அதற்குரிய சாமான் இலங்கை முழுக்கத் தேடினாலும் கிடைக்கக் கூடாது என்று கேட்டாள்.