நின்ற மிஷின்கள்

அந்தத் தையல் கூடத்தில் சூப்பர்வைசர் யாரையாவது திட்டத் தொடங்கினால், மற்றவர்கள் மிஷினை வேகமாக ஓட்டுவார்கள். அந்த இரைச்சலில் எதுவும் காதில் விழாது.

அன்று மாட்டியது புதுப்பெண். "கையா அது, உலக்கையா? உன்னைப் பெத்தவளைச் சொல்லணும்!"

காலர் தைக்கும் அக்கா பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

"போதும், விடுங்க. அவ அழறா."

பக்கத்து மிஷின் நின்றது, பிறகு அடுத்தது. கூடமே ஓய்ந்ததும் அவன் குரல் தனியாகக் கேட்டது.

"உன்னை அப்புறம் வச்சுக்கிறேன்" என்று அக்காவை முறைத்துவிட்டு வெளியேறினான்.

சாயங்காலம் வாசலில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"தனியாப் போகாதீங்கக்கா, நாங்களும் வர்றோம்."

"எதுக்குடி?"

புதுப்பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இங்க அவரு சூப்பர்வைசரு, கூட நாங்க இருந்தோம். வீட்டுல உங்க புருஷனாச்சே, அங்க உங்க கூட யாரு இருக்கா?"