மிச்சம் எவ்வளவு?

"எவ்வளவு?"

"எழுபத்திமூணு சார்."

தலைமை மருத்துவருக்கு ஒரு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை. "இப்போ?"

"அதே எழுபத்திமூணுதான். மாறினா நானே சொல்றேன் சார்," என்றாள் பம்பை இயக்கிக்கொண்டிருந்தவள்.

நிறுத்திவைத்த இதயத்துக்குப் பதிலாக ரத்தத்தை ஓட்டுவது அந்தப் பம்புதான். உடம்பைச் சுற்றித் திரும்பி வரும் ரத்தத்தில் நூற்றுக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறது என்று அதன் திரை காட்டும். மிச்சம் குறைந்தால் உடம்புக்குப் போதவில்லை என்று அர்த்தம்.

இன்று கத்தியும் தையலும் துணை மருத்துவரின் பொறுப்பு. பெரியவர் பம்புக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"என் வீட்டுக்காரி இந்த நாற்காலியில உட்கார்ந்தா நான் கேக்கவே வேண்டியதில்ல. அவ பாட்டுக்கு ஒப்பிச்சிட்டே இருப்பா."

"அக்காவுக்கு வெண்கலத் தொண்டை சார். எனக்கு அது வராது."

"வீட்லயும் அதே தொண்டைதான்."

"அக்காகிட்ட போட்டுக்குடுத்துடுவேன்."

"தாராளமா குடு. வாயாரத் திட்டட்டும், கேட்டுக்கறேன்."

மேஜையைச் சுற்றி நின்றவர்கள் முகமூடிக்குள் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"சார், அறுபத்தெட்டு." சற்றைக்கெல்லாம், "அறுபத்திரண்டு."

அவர் கை தானாகப் பம்பின் திருகை நோக்கி நீண்டது.

"கையை எடுங்க சார். இது என் வேலை." குரலில் கோபமில்லை. "குளிர வெச்ச உடம்பை இப்பதான் சூடாக்குறோம். சூடாக ஆக அதுக்கு ஆக்ஸிஜன் நிறைய வேணும். ஓட்டத்தைக் கூட்டுறேன்."

தியேட்டரையே அதட்டி வைக்கிற மனிதர், சொன்ன பேச்சைக் கேட்டுக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். திரையில் எண் அசையவில்லை.

"ஏறலையேம்மா."

"ஏறும் சார். கொஞ்சம் பொறுங்க."

அறுபத்துநான்கு. மறுபடி அறுபத்துமூன்று. பிறகு மெல்ல ஏறி, எழுபத்திரண்டில் வந்து நின்றது.

"மூச்சு விடுங்க சார்," என்றாள் அவள்.

அவர் மேஜையின் தலைமாட்டுக்குப் போனார். மயக்கத்தில் கிடந்த மனைவியின் காதருகே குனிந்தார்.

"எழுபத்திரண்டு. கண்ணு முழிச்சதும் நீ முதல்ல இதைத்தான் கேப்பே."