நூற்று நாற்பது புத்தகங்கள்

அகராதியைத் துண்டில் சுற்றி வாஷிங் மெஷினுக்குள் போட்டாள். அதன்மேல் நான்கு அழுக்குப் போர்வைகளையும் வைத்து அமுக்கினாள். போலீஸ் வந்தால் முதலில் அலமாரியைத்தானே குடைவார்கள்?

வாசல் மணி அடித்தது. நல்லவேளை, நின்றது கொழுந்தன்தான். கணவன் வெளியூரில் இருக்க, ஆபத்துக்கு வக்கீலான அவனைத்தான் கூப்பிட்டிருந்தாள்.

"என்ன அண்ணி, முகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு?"

அவள் கடிதத்தின் நகலை நீட்டினாள். பதினோரு வருடம் அவள் அச்சுப்பிழை தேடிப் புரூஃப் பார்த்த பதிப்பகத்தின் முதலாளி எழுதியது. போன மாதம் அங்கிருந்து விலகி வேறொரு பதிப்பகத்தில் சேர்ந்திருந்தாள். புது மேனேஜர் பழைய இடத்தில் அவளைப் பற்றி விசாரித்திருக்கிறார். வந்த பதில்தான் இது.

காலையில் மேனேஜர் அதை அவள் கையில் கொடுத்து, "மூணு மணிக்குள்ள விளக்கம் வேணும்மா. இல்லேன்னா நான் போலீசுக்குத்தான் போகணும்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

கொழுந்தன் உரக்கப் படித்தான்.

"'மேற்படியார் எங்களிடம் பதினோரு வருடம் வேளை பார்த்தார். அந்தக் காலத்தில் நூற்று நாற்பது புத்தகங்களைத் திருடியிருக்கிறார். அலுவலகத்தில் திருடியது போதாதென்று வீட்டுக்கும் எடுத்துப் போய்த் திருடியிருக்கிறார். கண்ணில் ஒன்று பட்டால் விடவே மாட்டார். இதை எந்த நீதிமன்றத்திலும் வந்து சொல்லத் தயார்.'"

படித்தவன் நிமிர்ந்தான். "இதென்ன அண்ணி, இங்க சிவப்பு வட்டம்?"

"'வேலை'க்கு 'வேளை'ன்னு இருந்துச்சு தம்பி. கை தானா போயிடுச்சு."

"மானம் கப்பலேறப் போகுது. உங்களுக்கு இப்ப லகரமும் ளகரமும்தான் முக்கியமா?"

அவள் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். ஜெயிலை நினைத்துக்கூட அவ்வளவு பயமில்லை. மகள் நாலு மணிக்குப் பள்ளியிலிருந்து வருவாள். அந்த நேரம் பார்த்து போலீஸ் வண்டி வாசலில் நின்றால் அவளிடம் என்னவென்று சொல்வது?

"வக்கீல்கிட்டயும் டாக்டர்கிட்டயும் மறைக்கக் கூடாது" என்றான் கொழுந்தன். "அங்கேருந்து ஏதாவது எடுத்தீங்களா?"

அவள் கண் வாஷிங் மெஷின் பக்கம் போய்த் திரும்பியது.

"ஒரே ஒரு அகராதி. வீட்ல வெச்சுப் பாக்கறதுக்குக் கொண்டுவந்தது. திருப்பிக் குடுக்க மறந்துட்டேன்."

"சரி, மிச்சம் நூத்தி முப்பத்தொம்பது?"

"என் புள்ள மேல சத்தியமா எனக்குத் தெரியாது!" அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அழாதீங்க. வரும்போது அவரோட ஏதாவது சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல. நான் கெளம்பும்போது எழுந்து நின்னாரு. கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு. 'உங்களப் பத்தி யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லாம விடமாட்டேன்'னாரு. அப்பவே எனக்குத் திக்குனு இருந்துச்சு. இப்படிப் பழி வாங்குவாருன்னு நெனைக்கல."

கொழுந்தன் கடிதத்தின் அடியில் இருந்த கையெழுத்தை விரலால் தட்டினான். அவன் முகத்தில் தொழில் களை வந்துவிட்டது.

"வாயால சொல்றவனை விட்டுடலாம் அண்ணி. எழுதிக் கையெழுத்துப் போட்டவனை விடக் கூடாது. முறைப்படி நோட்டீஸ் அனுப்ப இப்ப நேரமில்ல. போன்லயே கேட்டுடறேன்."

"வேணாம் தம்பி. அவரை இன்னும் கோபப்படுத்திடாதீங்க."

அதற்குள் அவன் போனில் மணி போய்க்கொண்டிருந்தது. ஸ்பீக்கரைப் போட்டு போனை மேஜைமேல் வைத்தான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஹலோ, யாரு?" முதலாளியின் கட்டைக் குரல்.

"நான் வக்கீல் பேசறேன். உங்ககிட்ட புரூஃப் பார்த்த அம்மாவோட சார்பா."

"வக்கீலா? அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கறீங்களே சார்! உங்க லெட்டர் என் கையில இருக்கு. உங்க கையெழுத்துதானே?"

"ஆமா. நானே சொல்லி எழுதினது. ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லல. வேணும்னா கோர்ட்டுக்கே வரேன்."

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எல்லாம் முடிந்துவிட்டது. மனிதர் கோர்ட்டுக்கே தயாராக இருக்கிறார்.

"வரத்தான் போறீங்க, மானநஷ்ட வழக்குல!" கொழுந்தன் குரலை உயர்த்தினான். "நூத்தி நாப்பது புஸ்தகத்தைத் திருடியிருக்கிறார், வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருடியிருக்கிறார்னு எழுதியிருக்கீங்களே, சாட்சி இருக்கா?"

அந்தப் பக்கம் காகிதங்களைப் புரட்டும் ஓசை கேட்டது. பிறகு யாரோ நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்கள்.

"ஐயையோ! பேசினா போனே எழுதிக்கும்னாங்க. அதை நம்பிப் படிச்சுக்கூடப் பாக்காம கையெழுத்தைப் போட்டுட்டேனே! அம்மா போனப்புறம் இங்க படிச்சுப் பாக்க யாரு இருக்கா?"

முதலாளியின் குரல் உடைந்தது.

"நான் சொன்னது, 'திருத்தியிருக்கிறார்' சார்!"