அக்காவுக்கு ஒரு போன்

“ஒரே ஒரு கை குறையுது ஆர்வின். நீ தூக்கிட்டா மசோதா பாஸ்!”

கட்சித் தலைவர் கிளேட்டன் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டி ரோலை, ஊர் வழக்கப்படி காரமான பீன்ஸ் குழம்பில் தோய்த்தபடி சொன்னார். சட்டமன்ற உறுப்பினர் ஆர்வின் தன் ரோலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி டோரீன் முறைத்தாள்.

அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை ஓட்டு என்று கணக்கு; அவர்களுடைய நெப்ராஸ்காவுக்கு ஐந்து. மாநிலமே ஒரு பக்கம் நின்றாலும், அவர்கள் ஊரான ஒமாஹா வேறு பக்கம் சாய்ந்தால் அதன் ஒரு ஓட்டு தனியாகப் போய்விடும். கிளேட்டனுக்கு அதுதான் கண்ணை உறுத்தியது; அப்படிப் பிரிவதை ஒழிக்கத்தான் இந்த மசோதா.

“அஞ்சும் நமக்கே வரணும். உங்க ஊர் மட்டும் என்ன ஒசத்தி?”

“எங்களுக்கு இருக்கிறதே அந்த ஒண்ணுதான். அதையும் பிடுங்கிட்டா எந்த வேட்பாளர் இங்க எட்டிப் பார்ப்பார்?” என்றாள் டோரீன். “நீங்களாவது குழம்புக்காக வருவீங்க!”

ஆர்வின் தொண்டையைக் கனைத்தார். “எதுக்கும் எங்க அக்காவை ஒரு வார்த்தை கேட்டுடறேனே.”

அக்கா ஹேஸல் எதிர்க்கட்சி. மெய்ன் மாநிலச் சட்டமன்றத்தில் உறுப்பினர். அங்கே அவள் கட்சிதான் ஆட்சியில். அங்கேயும் இதே முறைதான். தனியாகப் பிரியும் ஒரு ஓட்டு மட்டும் கிளேட்டன் கட்சிக்கு.

ஆர்வின் ஸ்பீக்கரில் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் ஹேஸல் வெடித்தாள்.

“தொட்டுப் பாருடா! நீங்க அங்க மாத்தினா நாங்க இங்க மாத்துவோம். உங்க கட்சிக்கு இங்க கிடைக்கிற ஒரு ஓட்டும் அம்பேல்!”

“என்னக்கா, மிரட்டறியா?”

“ஆமாண்டா! கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுப் பக்கம் வந்துடாதே!”

கிளேட்டன் கரண்டியைக் கீழே வைத்தார். “இங்க ஒண்ணு வந்து, அங்க ஒண்ணு போனா என்னய்யா பிரயோஜனம்? மசோதாவைக் கிடப்புல போட வேண்டியதுதான்.” பாதி ரோலை அப்படியே விட்டுவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஊர் ஓட்டு தப்பியதில் டோரீனுக்கு நிம்மதி. ஆனால் நாத்தனாரை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

“ஓட்டு பிழைச்சது சரி. அதுக்காகக் கூடப்பிறந்தவளைப் பகைச்சுக்கிட்டீங்களே! உடனே போன் போட்டு மன்னிப்புக் கேளுங்க.”

ஆர்வின் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கிளேட்டனின் கார் தெருமுனை திரும்பியதும், இன்னும் துண்டிக்காமல் வைத்திருந்த போனிடம் குனிந்தார். “அக்கா, ஆள் போயாச்சு.”

“சரியா கத்தினேனாடா?” ஹேஸல் சிரித்தாள். “நாளைக்கு எங்க தலைவர் இதே யோசனையோட இங்க சாப்பிட வர்றார். அப்ப நீ இதைவிடச் சத்தமா மிரட்டணும், அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்!”